பினாங்குக் கடலுக்கு மோட்டார் வைத்த ஃபாயில் வேண்டுமா?

ஃபாயில் என்பது சர்ஃபிங் போர்டின் அடியில், மாஸ்ட் என்ற தண்டின் முனையில் பொருத்தும் இறக்கை. வேகம் வந்ததும் அது போர்டையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். பினாங்கில் இந்த ஃபாயில் சர்ஃபிங் பழகுகிறேன் என்றால் தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரைக்காரர்கள் சிரிப்பார்கள். அலையே இல்லாத ஊரில் என்ன சர்ஃபிங் என்பார்கள். சிரிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தியப் பெருங்கடலில் புறப்பட்டு வரும் நீண்ட அலைகளுக்குக் குறுக்கே சுமத்ரா படுத்துக் கிடக்கிறது. மலாக்கா நீரிணைக்குள் நமக்குக் கிடைப்பது உள்ளூர்க் காற்று எழுப்பும் குட்டை அலைகளும், அந்தமான் கடல் பக்கமிருந்து எப்போதாவது வந்து சேரும் மிச்சசொச்சமும்தான். நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையின் செராத்திங்கில் தென்சீனக் கடல் பொங்கிக்கொண்டிருக்கும். அதே நாளில் பினாங்கின் வடகரையில் இருக்கும் பத்து ஃபெரிங்கியில் தண்ணீர் கரையை நக்கிக்கொண்டு கிடக்கும்.

"அலை இல்லாட்டி என்னண்ணே, அதான் மோட்டார் இருக்கே" என்று பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி பிடித்து வரும் தம்பி ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மோட்டார் அலையைச் செய்து தராது. அலை கொடுப்பதற்கும் ஃபாயில் கேட்பதற்கும் இடையில் ஒரு பற்றாக்குறை விழுகிறது, அதை நிரப்பும், அவ்வளவுதான். பாலியிலோ செராத்திங்கிலோ நல்ல நாளில் அந்தப் பற்றாக்குறையே கிடையாது. அங்கே மோட்டார் வெறும் சுமை. பினாங்கில் உண்டு, ஆனால் நாம் நினைப்பதைவிட அது மிகச் சிறியது. ஆகவே அலைக்குப் பேர்போன ஊர்களைவிட நம் ஊரில்தான் இந்தச் சாதனத்துக்கு வேலை அதிகம் என்பது என் கட்சி. ஆனால் காசை முதலில் போட வேண்டிய இடம் மோட்டார் இல்லை. ஏன் என்பதைக் கணக்கோடு பார்க்கலாம்.

இரண்டும் ஒன்றல்ல

மோட்டார் ஃபாயில் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது ஈ-ஃபாயில். போர்ட்டோ ரிக்கோவின் லிஃப்ட் ஃபாயில்ஸ் 2018 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்தது, பின்னால் ஆஸ்திரேலியாவின் ஃபிளைட்போர்டு வந்தது. இதில் பேட்டரி போர்டின் வயிற்றுக்குள் இருக்கும். மோட்டார் மாஸ்டின் அடியில், இறக்கைக்குப் பக்கத்தில் இருக்கும். பேட்டரி சுமார் 2 கிலோவாட் மணி, மொத்தச் சாமானும் 25, 30 கிலோ. ரிமோட்டை அழுத்தினால் அலையும் காற்றும் இல்லாமலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் பறக்கலாம். பெயர் பெற்ற நிறுவனத்தின் சாமான் என்றால் பெரும்பாலும் நாற்பதாயிரம் ரிங்கிட் அளவுக்கு எடுத்து வைக்க வேண்டும். நல்ல விளையாட்டுதான். ஆனால் அதில் சர்ஃபிங் இல்லை. அது தண்ணீருக்கு மேலே ஓடும் ஒரு வாகனம்.

இரண்டாவது அசிஸ்ட். ஏற்கனவே கையில் இருக்கும் போர்டிலும் மாஸ்டிலும் மாட்டிக்கொள்ளும் சிறிய மோட்டார், ஒரு பேட்டரிப் பெட்டி, ஒரு ரிமோட். ஆஸ்திரேலியாவின் ஃபாயில் டிரைவ்தான் இதைப் பலரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கூடுதல் எடை நான்கைந்து கிலோ. விலை பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டிவிடும். இதன் வேலை நின்றுபோன காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது மாதிரி. எஞ்சின் பிடித்துக்கொண்டதும் தள்ளுகிறவர் விலகிவிட வேண்டும். அந்த எஞ்சின் இங்கே அலை. இந்தக் கட்டுரை இந்த இரண்டாவது சாமானைப் பற்றியது.

வெளியிலிருந்து சக்தி வாங்கி ஃபாயிலில் ஏறுவது புதுசு என்று நினைக்க வேண்டாம். ஃபாயிலே மோட்டாரோடுதான் பிறந்தது. இத்தாலிக்காரர் என்ரிகோ ஃபோர்லானினி 1906-இல் மஜோரே ஏரியில் ஓட்டிய படகு விசையால் ஓடியது, மணிக்கு 68 கி.மீ. வேகம் தொட்டது. தொலைபேசி புகழ் கிரஹாம் பெல்லின் குழு கனடாவில் கட்டிய எச்.டி.-4 1919-இல் 114 கி.மீ. போனது. சர்ஃபிங்குக்கு வந்தால், ஹவாயில் லேயர்ட் ஹாமில்டன் கூட்டத்தார் 2000-களின் தொடக்கத்தில் ஃபாயில் போர்டில் நின்றபடி ஜெட் ஸ்கீயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் பெரிய அலைக்குள் போனார்கள். மோட்டார் இருந்தால் அது சுத்தமான சர்ஃபிங் இல்லை என்று வாதாடுகிறவர்களுக்கு இது ஞாபகத்தில் இருந்தால் போதும். எனக்கு அந்த வாதத்தில் பெரிய அக்கறை இல்லை.

கிளம்புவதற்கு எவ்வளவு வேண்டும்

ஃபாயிலின் தூக்குவிசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் தூக்கு கால்வாசி ஆகிவிடும். ஆள், போர்டு, மாஸ்ட், ஈர உடை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன் இறக்கையின் பரப்பு 1,500 சதுர சென்டிமீட்டர். இது போர்டைத் தண்ணீரிலிருந்து தூக்க மணிக்கு 14 கி.மீ. அளவில் வேகம் வேண்டும். 2,000 சதுர சென்டிமீட்டர் பெரிய இறக்கை என்றால் 12 கி.மீ. போதும். 1,000 என்றால் 17 கி.மீ.

படுத்துக்கொண்டு கையால் துடுப்பு போடுகிற ஆள் ஆறு, ஏழு கி.மீ. தாண்டுவது கஷ்டம். மிச்சத்தை அலை கொடுக்க வேண்டும். செங்குத்தாக எழுந்து உடையும் அலை அதைத் தாராளமாகக் கொடுக்கும். பத்து ஃபெரிங்கி அலை கொடுக்காது. கரையோரத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு வந்த குட்டை அலையின் வேகமே மணிக்கு 13 கி.மீ. சுமாருக்குத்தான் இருக்கும். 1,500 இறக்கை பறக்கக் கேட்பதே 14. அதாவது அலை ஓடும் வேகத்தில் நாம் ஓடினாலும் ஃபாயில் எழும்பாது. கரைக்குப் பக்கத்தில் எத்தனை முறை முயன்றாலும் போர்டு மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்துவிடுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். திறமைக் குறைவு என்று பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். கணக்கே உதைக்கிறது, அவர்கள் என்ன செய்வார்கள்.

கொஞ்சம் வெளியே, ஆழத்தில், அதே அலை வேகமாக ஓடும். நான்கு வினாடிக்கு ஒன்றாக வரும் அலை ஆழ்நீரில் மணிக்கு 22 கி.மீ. போகும். ஃபாயிலுக்கு அது அருமையான வேகம். ஆனால் அங்கே அலை உடையாது, சரிவும் மெல்லியது. துடுப்பு போட்டு 22-ஐப் பிடிக்க மனிதனால் ஆகாது. பினாங்கு ஃபாயில்காரரின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு முரணில் இருக்கிறது. ஏறக்கூடிய இடத்தில் அலை மெதுவாக ஓடுகிறது, அலை வேகமாக ஓடும் இடத்தில் ஏற முடியவில்லை.

மோட்டார் முதலில் தீர்ப்பது இதைத்தான். இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து கிளம்புகிறவர் போர்டில் குப்புறப் படுத்து ரிமோட்டை அழுத்துகிறார். பழுப்புத் தண்ணீர் பின்னால் கொப்பளிக்கிறது. முதலில் போர்டு முனகிக்கொண்டு கனமாக இழுபடும். எழுந்து நின்றதும் கால் அடியில் ஒரு நடுக்கம் தெரியும், பலகையின் அடியில் தண்ணீர் அறையும் சத்தம் கூடிக்கொண்டே போகும். முன்காலில் எடையைக் கொஞ்சம் விட்டு, பிறகு பின்காலுக்கு ஒரு துளி மாற்றினால் சத்தம் பட்டென்று நின்றுவிடும். போர்டு தண்ணீரை விட்டுவிட்டது என்பதைக் கண்ணைவிடக் காது முதலில் சொல்லும். இவ்வளவும் பத்து வினாடிக்குள். இந்தப் பத்து வினாடிக்கு இரண்டரை கிலோவாட் வாங்கினாலும் செலவாவது 7 வாட் மணிதான். 500 வாட் மணி பேட்டரியில் நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது 400 என்று வைத்தால், கிளம்புவதற்கு மட்டும் செலவழித்தால் ஐம்பது தடவைக்கு மேல் வரும்.

அலை எவ்வளவு தருகிறது

எழும்பிய பிறகு என்ன ஆகும் என்பதுதான் அதிகம் பேசப்படாத பகுதி. இங்கேதான் பினாங்குக்கான பதில் இருக்கிறது.

ஒழுங்கான ஃபாயில் அமைப்பின் தூக்குக்கும் தடைக்கும் உள்ள விகிதம், மாஸ்ட் எல்லாம் சேர்த்து, 11 என்று எடுத்துக்கொள்வோம். 90 கிலோவைத் தூக்கிக்கொண்டு போகிறபோது தண்ணீர் சுமார் 8 கிலோ எடைக்குச் சமமாகப் பின்னால் இழுக்கிறது என்று அர்த்தம். இந்த 8 கிலோவை யாராவது தொடர்ந்து ஈடுகட்ட வேண்டும். தட்டையான தண்ணீரில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் இதை முழுக்க மோட்டாரே செய்தால் தண்ணீருக்குள் போய்ச் சேர வேண்டியது 400 வாட். தண்ணீரைத் தள்ளும் சின்ன விசிறியும் மோட்டாரும் சேர்ந்து பாதிக்கும் குறைவான திறனோடுதான் வேலை செய்யும், ஆகவே பேட்டரியிலிருந்து 900 வாட் போகும். நம் 400 வாட் மணி அரை மணி நேரத்துக்குள் காலி.

இப்போது அலையைச் சேர்ப்போம். நான்கு வினாடி அலையின் நீளம் ஆழ்நீரில் 25 மீட்டர். உயரம் அரை மீட்டர். இதன் மிகச் சரிவான இடத்தில் சாய்வு பதினாறில் ஒரு பங்கு. அந்தச் சரிவில் நிற்கிற 90 கிலோவை முன்னோக்கித் தள்ளும் விசை ஐந்தரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. தேவை 8, கிடைப்பது ஐந்தரை. பற்றாக்குறை இரண்டரை கிலோ.

இரண்டரை கிலோ என்பது கடையில் வாங்கும் சின்ன அரிசிப் பையைவிடக் குறைவு. இதனால்தான் பினாங்கில் அலை பிடித்தவர் நான்கைந்து வினாடி ஜம்மென்று போய்விட்டு, யாரோ பின்னாலிருந்து மெல்லப் பிடித்து இழுத்த மாதிரி நின்றுபோகிறார். அலை அவரைக் கைவிடவில்லை. மூன்றில் இரண்டு பங்கு கொடுத்துக்கொண்டேதான் இருந்தது. அலையின் 22 கி.மீ. வேகத்தில் மிச்சத்தை மோட்டார் கொடுத்தால் பேட்டரியிலிருந்து போவது 340 வாட் அளவு. அரை மணி நேரத்துக்குள் தீரும் என்ற அதே பேட்டரி இப்போது ஒரு மணி நேரத்தைத் தாண்டும். உண்மையான கடல் இப்படிச் சீராக இராது, அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பி வரும், சரிவான இடத்திலேயே எந்நேரமும் நிற்கவும் முடியாது. கணக்கு காட்டும் திசை மட்டும் மாறாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆழ்நீரில் அலையின் உருவம் 22 கி.மீ. வேகத்தில் ஓடினாலும், அதன் ஆற்றல் அதில் பாதி வேகத்தில்தான் நகர்கிறது. கூட்டமாக வரும் அலைகளில் முன்னால் இருப்பது கரைந்துபோகும், பின்னால் புதிதாக ஒன்று முளைக்கும். அலையோடு ஓடுகிறவர் கூட்டத்தின் முன்பக்கம் போய்ச் சேர்ந்ததும் காலடியில் அலை இல்லாமல் போய்விடும். தேர்ந்தவர்கள் போர்டைக் காலால் மேலும் கீழும் அமுக்கி, அதாவது பம்ப் செய்து, அடுத்த அலைமேட்டுக்குத் தாவுவார்கள். ஹவாயில் கை லெனி 2016-இல் கடல்நடு அலைமேடுகள்மீது இப்படிப் போய்க்கொண்டே இருந்ததைக் காட்டிய பிறகுதான் உலகம் முழுக்க ஃபாயில் பித்து ஏறியது. நம்மில் பலருக்கு அந்தக் காலும் இல்லை, மூச்சும் இல்லை. அந்த இடைவெளியில் மூன்று வினாடி மோட்டாரை அழுத்தினால் அடுத்த அலை வரை போய்ச் சேர்ந்துவிடலாம்.

மாஸ்டில் எந்த இடத்தில்

அசிஸ்ட் வாங்குகிறவர்கள் வாட்டைப் பார்ப்பார்கள், பேட்டரியைப் பார்ப்பார்கள். மோட்டார் மாஸ்டில் எந்த உயரத்தில் உட்காருகிறது என்பதைக் கடைசியாகத்தான் கேட்பார்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வி.

அடியில், இறக்கைக்குப் பக்கத்தில் வைத்தால் மோட்டார் எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும். எந்நேரமும் உந்தலாம். ஆனால் அணைத்த பிறகும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டுதான் வர வேண்டும். ஆறரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருளை 22 கி.மீ. வேகத்தில் இழுப்பது, விசிறி மடங்கிக்கொண்டாலும், இரண்டு கிலோ சுமாருக்கு வரும் என்பது என் கணக்கு. அலை நமக்குத் தந்ததே ஐந்தரை. அதில் மூன்றில் ஒரு பங்கைச் சும்மா இருக்கும் மோட்டார் தின்றுவிடுகிறது. பெரிய அலையில் இது தெரியாது. பினாங்கு அலையில் விளங்கும், நன்றாகவே விளங்கும்.

மேலே, போர்டுக்கு ஒரு சாண் கீழே வைத்தால் கதை வேறு. கிளம்பும்போது தண்ணீருக்குள் இருந்து தள்ளும். உயரமாகப் பறக்கத் தொடங்கியதும் மோட்டார் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும், தடை பூஜ்யம். உந்துவிசை மறுபடி வேண்டுமானால் உயரத்தைக் குறைத்து விசிறியைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். அப்படித் தாழப் பறக்கும்போது இறக்கை ஆழத்துக்குப் போகிறது, மாஸ்டும் அதிகம் நனைகிறது, அலையின் தள்ளுதலும் ஆழத்தில் கொஞ்சம் குறையும். ஆக ஒரு சின்ன அபராதம் உண்டு. ஆனால் அந்த அபராதம் மோட்டார் ஓடும் நேரத்துக்கு மட்டும்தான். அடியில் வைத்தவருக்கு அது முழு நேர வரி. குட்டை அலையில் போகிறவருக்கு மேலே வைப்பதே சரி என்று நான் தயங்காமல் சொல்வேன். விசிறி பாதி நனைந்து பாதி வெளியே இருக்கும்போது காற்றைக் குடித்து வீலென்று கத்தும். அதைக் கேட்டு எந்த உயரத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளச் சில வாரம் பிடிக்கும்.

முதலில் இறக்கை

மேலே சொன்ன இரண்டரை கிலோ பற்றாக்குறையைத் திரும்பப் பாருங்கள். அதை நிரப்ப வழி இரண்டு. ஒன்று தள்ளுவதைக் கூட்டுவது, மற்றது இழுப்பதைக் குறைப்பது. பழகும்போது வாங்கிய தடித்த, குட்டையான முன் இறக்கையை மாற்றி, நீண்டு ஒடுங்கிய நல்ல இறக்கை போட்டால் விகிதம் 11-இலிருந்து 14-க்குப் போகலாம். அப்போது இழுப்பு 8 கிலோவிலிருந்து ஆறரைக்குக் கீழே வந்துவிடும். அலை தருவது அதே ஐந்தரை கிலோ. பற்றாக்குறை ஒரு கிலோவுக்கும் குறைவு. அலை பத்து சென்டிமீட்டர் கூடினால் அதுவும் மறைந்துவிடும்.

இந்த இறக்கைக்கு ஆகும் செலவு, மோட்டாருக்கு ஆவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சார்ஜ் செய்ய வேண்டாம். துருப்பிடிக்காது. நீண்ட இறக்கை திரும்புவதற்குச் சோம்பேறித்தனம் காட்டும், உண்மை. நம் கடலில் நேர்கோட்டில் போவதே பெரிய பாடாக இருக்கும்போது அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. பழைய தடித்த இறக்கையோடு மோட்டாரை மாட்டிக்கொண்டு பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று புலம்புகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: இறக்கை மாத்தினீங்களா? பதில் பெரும்பாலும் இல்லை என்பதாக இருக்கும். இறக்கை மாற்றிய பிறகும் கிளம்புவது கஷ்டமாகவே இருக்கும். அந்த ஒன்றை இறக்கையால் தீர்க்க முடியாது. அப்போது மோட்டார் வாங்குங்கள், அதன் முழு அருமையும் தெரியும்.

காற்றை வாங்கும் சிறகைக் கையில் பிடித்துப் பறக்கும் விங் ஃபாயில் போகலாமே என்றும் கேட்பார்கள். காற்று இருந்தால் போகலாம். பன்னிரண்டு நாட் (மணிக்கு 22 கி.மீ.) காற்றாவது தொடர்ந்து வேண்டும். பினாங்கில் பின்னேரக் கடற்காற்று பெரும்பாலான நாட்களில் அதைத் தொடாது, தொட்டாலும் நிலைக்காது. தென்மேற்குப் பருவத்தில் நல்ல நாட்கள் உண்டு. அதை நம்பி ஆயிரக்கணக்கில் சிறகு வாங்குவது அவரவர் தைரியம்.

இந்தக் கடலில் வேறு என்ன இருக்கிறது

காணொளிகளில் வரும் கடல் நீலமாக இருக்கும், அடி தெரியும். நம் கடலில் முழங்கை ஆழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. மாஸ்ட் முக்கால் மீட்டருக்கு மேல் நீளம். வற்றின நேரத்தில் பத்து ஃபெரிங்கியிலும் தஞ்சோங் பூங்காவிலும் வெகுதூரம் நடந்து போனால்தான் அந்த ஆழம் கிடைக்கும். பெரிய அமாவாசை, பௌர்ணமி வற்றுக்கும் ஏற்றத்துக்கும் இடையில் இரண்டு மீட்டருக்கு மேல் வித்தியாசம். கெர்னி பக்கம் சேறு. ஓடுகிற ஃபாயில் மணல்திட்டில் குத்தினால் போர்டு நின்றுவிடும், ஆள் நிற்கமாட்டார். ஏற்றத்தின் நேரம் பார்க்காமல் பேட்டரி சார்ஜ் பார்த்துக் கடலுக்குக் கிளம்புவது மோட்டார்காரர்களுக்கு வரும் புதுப் பழக்கம். நல்ல பழக்கம் இல்லை.

விசிறிக்கு எதிரி மிதக்கும் குப்பை. நெகிழிப் பை ஒன்று விசிறித் தண்டில் சுற்றிக்கொண்டால் மோட்டார் நிற்பதற்கு முன்னால் ரிமோட் அதிரும், பிறகு வேகம் படுத்துவிடும். போர்டைக் கவிழ்த்துப் பார்த்தால் பை கயிறாக முறுக்கேறி, தண்டோடு ஒட்டி, நகத்தால் உரித்தாலும் வராத அளவுக்கு இறுகியிருக்கும். வளைந்த முனையுள்ள சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை உயிர்காப்பு அங்கியில் கட்டி வைத்திருப்பது கெட்டிக்காரத்தனம். கத்தரிப்பதற்கு முன்னால் பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். விரல் இருக்கும் இடத்தில் விசிறி ஒரு சுற்று சுற்றினால் போதும், தையல் போட வேண்டிவரும். கூண்டு போட்ட விசிறி இருக்கிறது, பழகுகிறவர்களும் பிள்ளைகள் குளிக்கும் கரையில் ஓட்டுகிறவர்களும் அதைத்தான் போட வேண்டும். தடை கொஞ்சம் கூடும், போகட்டும்.

தெலுக் பஹாங் பக்கம் மீனவர்களின் வலை இருக்கும். மிதவையைப் பார்த்து ஒதுங்கத் தெரிய வேண்டும். மாசி மகத்துக்குத் தெப்பம் விடும் கரை அது, நம்மவர்களுக்குப் பழக்கமான இடம்தான். ஆனால் விடியற்காலையில் அந்தத் தண்ணீர் மீனவர்களுடையது. வலையில் ஃபாயில் மாட்டினால் நமக்குப் பொழுதுபோக்கு கெடும், அவருக்கு அன்றைய பிழைப்பு கெடும். பத்து ஃபெரிங்கியில் வார இறுதியில் பாராசெயிலிங் படகு, ஜெட் ஸ்கீ, வாழைப்பழப் படகு எல்லாம் ஓடும். மோட்டார் இருப்பதால் அவற்றைக் கடந்து வெளியே போய்விட முடிகிறது என்பது ஒரு லாபம். பேட்டரி தீர்ந்தால் அதே வழியாகக் கையால் துடுப்பு போட்டுத் திரும்ப வேண்டும் என்பது அந்த லாபத்தின் மறுபக்கம். கால்வாசி சார்ஜ் இருக்கும்போதே கரைக்குத் திரும்புவது நல்லது.

சொறிமீன் பற்றிப் பயமுறுத்த வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது. தெலுக் பஹாங் தாண்டி, தேசியப் பூங்காவுக்குள் இருக்கும், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையத்தார் இந்தக் கரையின் சொறிமீன்களை ஆராய்ந்து வருகிறார்கள். உயிருக்கு ஆபத்தான பெட்டி வகையும் இந்தத் தண்ணீரில் உண்டு. ஃபாயில் பழகுகிறவர் பறப்பதைவிட விழுவது அதிகம். முழுக்கை, முழுக்கால் மெல்லிய உடை போட்டுக்கொள்ளுங்கள், வெயிலுக்கும் ஆகும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து கறுத்துத் திரண்டு வரும் புயல்வரிசை இன்னும் மோசம். காற்றைக் கொண்டுவருகிறதே என்று சிலருக்கு ஆசை வரும். அதோடு இடியும் வரும், திறந்த தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும் ஒரே பொருள் நீங்களாக இருப்பீர்கள்.

பேட்டரியோடு குடித்தனம்

கடலில் இருக்கும் நேரத்தைவிட வீட்டில் பேட்டரியோடு இருக்கும் நேரம் அதிகம். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் பின்னேரம் வரை விட்டுவைத்தால் அதன் ஆயுள் குறையும், இன்னும் மோசமாகவும் ஆகலாம். கடலிலிருந்து வந்ததும் சூட்டோடு சார்ஜரில் மாட்டக் கூடாது, ஆறவிட வேண்டும். இரவு முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவதும் வேண்டாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சார்ஜ் செய்யும் இடத்தை வெளியேறும் வாசலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஏதாவது ஆனால் ஓடுவதற்கு வழி வேண்டும். பல வாரம் போகமாட்டோம் என்றால் பாதிச் சார்ஜில் வைப்பது நல்லது. உப்புத் தண்ணீர் இணைப்பு முள்ளில் பச்சையாகப் பூத்துவிட்டால் அங்கே மின்தடை கூடி, முள் சுட்டுப் பொசுங்கும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காயவைத்து மூடுவது சலிப்பான வேலை. செய்யாதவர்கள் ஒரு வருடத்தில் செலவாகச் செய்வார்கள்.

விமானப் பயணம் என்றால் சிக்கல்தான். பயணிகள் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரிக்கு 100 வாட் மணி வரை தாராளம், விமான நிறுவனம் அனுமதித்தால் 160 வரை. வழக்கமான அசிஸ்ட் பேட்டரிகள் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. பாலிக்கோ, ஊருக்குப் போகும்போது சென்னைக் கோவளம் கடலுக்கோ எடுத்துப் போகலாம் என்று கனவு காண வேண்டாம். போர்டும் மாஸ்டும் போகும், அந்த அளவு பேட்டரி போகாது. அங்கெல்லாம் அலையே போதும் என்பதால் இது பெரிய இழப்பும் இல்லை. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். மூன்று, மூன்றரை மணி நேரத்தில் செராத்திங் போய்விடலாம், பருவத்தில் அங்கே நிஜ அலை இருக்கிறது. அவர்கள் மோட்டாருக்குப் போடும் காசில் பல பருவத்துக்குப் பெட்ரோலும் தங்குமிடமும் ஆகிவிடும். தீவில் குடியிருந்து, வேலை முடிந்து ஆறு மணிக்குக் கடலைப் பார்க்கிறவருக்குத்தான் மோட்டார்.

ஃபாயிலில் இன்னும் நிற்கவே வராதவர் அசிஸ்ட் வாங்கிப் பழகலாமா என்பது அந்தத் தம்பியின் அடுத்த கேள்வி. பழகலாம், தடையில்லை. சின்ன போர்டில் நான்கைந்து கிலோ கூடுதல் எடையோடு, ஒரு கையில் ரிமோட்டோடு, விழுந்து விழுந்து எழுவது தேவையில்லாத சித்திரவதை. வாடகைக்கு ஒரு பெரிய ஈ-ஃபாயிலில் சில மணி நேரம் போய்வந்தால் சமநிலை பிடிபட்டுவிடும். ஈ-ஃபாயிலுக்கு அந்த ஒரு உபயோகத்தை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

பழையது வாங்குகிறவர்கள் பேட்டரி எத்தனை தடவை சார்ஜ் ஆகியிருக்கிறது என்று கேளுங்கள், செயலியில் காட்டும். விசிறியைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடும் சத்தம் கேட்டால் பேரிங் போய்விட்டது. இணைப்பு முள்ளை மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள், பச்சை தெரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், கறுப்பு தெரிந்தால் வாங்காதீர்கள். பேட்டரிப் பெட்டியின் ரப்பர் வளையத்தை விரலால் தடவி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விற்பவர் முன்னாலேயே ஒரு வாளித் தண்ணீரில் விசிறி முழுகும்படி வைத்து ஓரிரு வினாடி ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.